கிண்ணத்தின் ஒலி அடங்கும்வரை

என் கணவர் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். தூக்கம் சரியில்லையென்று துடியலூரில் ஒரு தியான வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர்களிடம் வாங்கிய வெண்கலக் கிண்ணம் ஒன்று மாஸ்டரிடம் இருந்தது. அதன் விளிம்பில் மரக்கட்டையால் சுற்றித் தேய்த்தால் ரீங்காரம் எழும். அது அடங்கும்வரை யாரும் கண் திறக்கவோ அசையவோ கூடாது என்பார்.

அன்று ஒலி அடங்கப் போகும்போதெல்லாம் மாஸ்டர் மறுபடி தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக முடிந்து கண் திறந்தேன். ஆண்கள் வரிசையில் இவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

“எப்பருந்துங்க வலிக்குது?” என்றேன்.

“கிண்ணம் தேய்க்க ஆரம்பிச்சப்பவே புடிச்சுக்கிச்சு அம்மணி.”

“அப்பவே எந்திரிச்சிருக்கலாமுங்களே!”

“எல்லாரும் கண்ண மூடி உக்காந்திருக்காங்க. நடுவுல எந்திரிச்சா மரியாதையா இருக்குமா?”

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வகுப்பை நான் விடவில்லை. ஆனால் கிண்ணம் ஒலிக்கும்போது கண்ணை மூடுவதில்லை. அது அடங்கும்வரை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.