மூன்று மணிப் பெரட்டு

எங்கள் மலையில் வெளிச்சத்துக்கு முன்னால் சத்தம்தான் வரும். மூடுபனிக்குள் எங்கோ நின்று அண்ணன் தப்படிப்பான். அதைக் கேட்டு, கூலிகளின் வரிசை வீடுகளான லயமே எழுந்து, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு நடக்கும். பாதித் தூக்கத்தில் கிடக்கும் எனக்குப் பனியே பேசுவதுபோல இருக்கும். இத்தனை வயதாகியும் சில விடியல்களில் அது கேட்கிறது.

அவசரகாலச் சட்டம் வந்த வருஷம், பெரட்டைத் தவிர வேறெதற்கும் தப்படிக்கக் கூடாது என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். கலவரக்காரர்கள் தப்படித்து ஆள் சேர்ப்பார்களாம். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்து ரொட்டி சுடவே நேரமில்லாத நாங்களா கலவரம் பண்ணப் போகிறோம்?

அந்த வாரமே கீழ் லயத்துத் தாத்தா ஒருவர் பட்டப்பகலில் இறந்துபோனார். அவர் மகள் எதிர்மலைத் தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்தாள். சாவுத் தப்பு கேட்டுத்தான் உறவு ஓடி வரும். அதுதான் எங்கள் வழக்கம். அண்ணன் தப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் பெரிய புத்திசாலிபோலச் சொன்னேன்.

"சாவுத் தப்புதானேண்ணே கூடாதுங்கிறாங்க? பெரட்டுத் தப்ப அடி. நேரங்கெட்ட நேரத்துல கேட்டா அவளுக்கே வெளங்கிரும்."

"அதுவுஞ் சரிதான் புள்ள," என்று எழுந்தான்.

பகல் மூன்று மணிக்குப் பெரட்டுத் தப்பு மலையெல்லாம் கேட்டது. மகள் ஓடி வந்தாள். அவளோடு எல்லா மலையிலிருந்தும் ஆட்கள், தீயோ மண்சரிவோ என்று பதறி, கொழுந்துக் கூடையும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியுமாகக் களத்துக்கு வந்துவிட்டார்கள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாகத் தெரியத் தெரிய, திருவிழா மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பங்களாவிலிருந்து பார்த்த துரைக்குக் கத்திகள் மட்டும் தெரிந்தன. போலீஸ் ஜீப் வந்தது.

கூட்டத்தைச் சேர்த்தது யார் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"நாந்தாங்க. சாவு ஒன்னு விழுந்துருச்சுங்க," என்றான் அண்ணன்.

முகத்தில் அறைந்து, தப்பின் வாராலேயே அவன் கையைக் கட்டிக் கொண்டுபோனார்கள்.

வழக்கு இல்லை, கோர்ட்டு இல்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டால், நாட்டுப் பாதுகாப்பு விஷயம் என்று விரட்டினார்கள். கொழுந்து மலையில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாயை நானே சபித்தேன். வளைவில் பனி அசைந்தால்கூட அண்ணன் வருகிறான் என்று தோன்றும்.

ஏழு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் நிஜமாகவே வந்தான். வலது கை விரல்கள் மடங்கினபடியே நின்றன. பூட்ஸ் காலால் மிதித்தார்களாம்.

"என்னதாண்ணே கேட்டாங்க?"

"தப்படிக்கச் சொன்னது யாருன்னுதான். தெனம் அந்த ஒரே கேள்வி."

"நீ என்ன சொன்னே?"

"எனக்காத் தோணுச்சுன்னேன். ரொட்டி இருந்தா குடு புள்ள."

கொடுத்தேன். அந்தக் கையால் அவனுக்குப் பிய்க்க வரவில்லை. நான் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன்.