மில்லில்லாத மில்லடி

சுமித்திரா ரீச்சர் ஒரு கதிரையில் ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. பூநகரியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கதிரை விளிம்பில் தொற்றிக்கொண்டு, தேநீரை ஆறவிட்டு, எழும்பி யன்னலடிக்குப் போய்த் திரும்பி வருவார். "சேர், இந்தப் பிள்ளையளுக்கு ரவுணைக் காட்டவேணும்" என்பார். நான் கணிதம் படிப்பிப்பவன். இருந்த இடத்தில் இருந்தே யோசிப்பது என் பழக்கம். அவரைப் பார்த்தாலே எனக்குக் களைத்துவிடும்.

அவர் கிளிநொச்சி நகரத்தில், ரவுணிலேயே வளர்ந்தவர். இடப்பெயர்வில் அதை விட்டு ஓடி, முகாமில் இருந்து, யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து, மறுபடி அதே ரவுணுக்கு வந்து குடியிருக்கிறார். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து புவியியல் படிப்பிக்கிறார். எங்கள் பிள்ளைகள் கழுத்தளவு தண்ணீரில் இறால் பிடிக்கப் பயப்படாதவர்கள். அவர்களையே கிளிநொச்சியில் மஞ்சள் கடவையால் வீதியைக் கடக்கச் சொன்னால் ஆளையாள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வங்கிக்குள் கால் வைக்காத பிள்ளையை வரைபடத்தில் வங்கியைக் குறிக்கச் சொல்லி என்ன பலன் என்று ரீச்சர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்காக நானும் வெயிலில் அலைய வேண்டி வந்ததுதான் எனக்கு எரிச்சல்.

அதிபர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். போகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். ஒரு பிள்ளை தவறினாலும் ரவுண் பாடம் அன்றோடு சரி. துணைக்கு என்னையும் பிடித்து அனுப்பினார்.

முதல் இரண்டு முறையும் எல்லாம் நன்றாகத்தான் போனது. சந்தையில் எந்த மரக்கறி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் விசாரித்தார்கள். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பற்றி ஒரு அலுவலரைப் பிடித்து, அவர் தப்பி ஓடும்வரை கேள்வி கேட்டார்கள். ரீச்சர் சந்தையின் இந்த வாசலில் நிற்பார். திரும்பிப் பார்த்தால் அந்த வாசலில் நிற்பார்.

மூன்றாம் முறை பிள்ளைகளைச் சோடி சோடியாகத் தனியே விட்டார். "கேட்டுக் கேட்டுப் போங்கோ. வேலை முடிஞ்சதும் எல்லாரும் மில்லடிக்கு வாங்கோ" என்றார். நானும் தலையாட்டினேன்.

மில்லடி எனக்கும் நன்றாகத் தெரிந்த இடம். சண்டைக்கு முதல் அங்கே ஒரு நெல் மில் இருந்தது. இப்போது அந்தக் காணியில் வங்கிக் கிளையும் ஒரு போன் கடையும் நிற்கின்றன. மில்லில் ஒரு கல்கூட மிச்சமில்லை. ஆனாலும் எங்கள் வயதுக்காரருக்கு அது இன்னும் மில்லடிதான். வயதான கடைக்காரரிடம் வழி கேட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். தனுஷாவும் அவளுடன் போன பிள்ளையும் வரவில்லை.

ரீச்சர் வீதியின் இரண்டு பக்கமும் ஓடினார். சந்தைக்குப் போய் வந்தார், பஸ் நிலையத்துக்குப் போய் வந்தார். "ஐயோ சேர், இடத்தைத் தெளிவாத்தானே சொன்னனான்!" என்று புலம்பினார். எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எந்த மில் ரீச்சர்? எங்க நிக்குது? காட்டுங்கோ பாப்பம்!" என்று கத்திவிட்டேன்.

அவர் வங்கியைப் பார்த்தார்.

பின்னேர பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. மற்றப் பிள்ளைகளோடு நான் நிழலில் நின்றேன். ரீச்சர் ஒரு ஓட்டோவில் ஏறி, இப்போது ஓடுகிற மில்லுக்கு விடச் சொன்னார். அது முரசுமோட்டைப் பக்கம் இருந்தது. வழி கேட்டபோது யாரோ ஒரு இளம்பெடியன் அந்த மில்லைச் சொல்லியிருக்கிறான். பெட்டைகள் இரண்டு பேரும் சரியான பஸ்ஸைக் கேட்டு ஏறி, மில் முற்றத்தில் நெல் மூட்டையில் இருந்திருக்கிறார்கள்.

"ஏன் ரீச்சர் இவ்வளவு பிந்தினீங்கள்?" என்று தனுஷா கேட்டாளாம். ரீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்.

பொழுதுபட்ட பிறகுதான் ஊருக்கு வந்தோம். பெற்றோர் சந்தியில் கூடி நின்றார்கள். அதிபர் எங்கள் இருவரையும் பார்த்து, "இதோட சரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் தனுஷாவின் தாய் நேசமலர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அதிபரும் அப்படித்தான் நினைத்திருப்பார். முந்திக்கொண்டார்.

"கோவிக்காதேங்கோ அம்மா. இனிப் பிள்ளையளை ரவுணுக்குக் கொண்டுபோக மாட்டினம். நிப்பாட்டியாச்சு."

"ஏன் சேர் நிப்பாட்டினீங்கள்?"

ரீச்சர் கதவடியில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நானும் அந்த இடத்தை மில்லடி எண்டுதான் சொல்லுறனான்," என்றார் நேசமலர். "அங்க இப்ப பாங்க்தான் நிக்குதாம் எண்டு ராத்திரி தனுஷாதான் எனக்குச் சொல்லுறாள். நான் ரவுணுக்குப் போய்க் கன வருசம். எனக்குப் போக விருப்பமில்லை சேர். நான் பேர் சொல்லி வழி கேக்கிற இடமொண்டும் இப்ப அங்க இல்லை."

அவர் ரீச்சரின் பக்கம் திரும்பினார்.

"என்ர பிள்ளையாவது இப்ப இருக்கிற ரவுணில நடக்கட்டும். கூட்டிக்கொண்டு போங்கோ ரீச்சர்."

அதிபர் ரீச்சரைப் பார்த்து, "அடுத்தது எப்ப?" என்று கேட்டார்.