தூசி என்று அழிந்த பெண்

ஒரு சொல்லும் கூட்டவில்லை. உள்ளதில் பாதியைத்தான் சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டு என் மச்சான் பஹீம், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தான். இருட்டா? அன்று என் கடையில் நாலு பெரிய லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்கள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. பேய் வருகிற இடமா அது?

என் பெயர் முனாப். மடவளை வீதியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய நெகட்டிவ்களைக் கொண்டுவந்து படமாக்கித் தரச்சொல்பவர்கள் கூடிவிட்டதால், போன ஒக்டோபரில் கொழும்பிலிருந்து ஒரு பழைய பிலிம் ஸ்கேனர் வாங்கினேன். என் புதுக் கொம்பியூட்டரோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழைய மென்பொருளைப் போட்டேன், சரிவரவில்லை. வயரை மாற்றினேன், சரிவரவில்லை. கடைசியில் வேறொரு மென்பொருளை இறக்கிப் பதிந்ததும் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கிர்ர்ர்... டக். பெட்டி உயிர் பெற்றுவிட்டது. சந்தோஷத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன்.

அன்று பின்னேரமே முதல் வேலை வந்தது. அம்பிட்டியவிலிருந்து ஷிராணி டீச்சர். போன வருஷம் செத்துப்போன தகப்பனின் அலுமாரியில் கிடந்ததாம், நாலு படங்கள் உள்ள ஒரு பிலிம் துண்டு. அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நாலிலும் பேராதனைப் பூங்காவில் ஒரே குடும்பம்.

"இது அப்பா. இது பெற்றீசியா அத்தை. நடுவுல நான். கரையில சேலை கட்டிட்டு நிக்கிறது எங்க அம்மா, நானா. எனக்கு அஞ்சு வயசுல செத்துட்டாங்க. முகமே ஞாபகம் இல்ல." எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேற படம் இல்லியா டீச்சர்?"

"ஒண்ணுகூட இல்ல. அப்பா, அம்மாவப் பத்திப் பேசவே மாட்டாரு."

நெகட்டிவில் முகம் இருண்டிருக்கும், முடி வெளிறியிருக்கும். யாரையும் அடையாளம் காண முடியாது. அதைத்தான் ஒரு வருஷமாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நவம்பர் இரண்டு, மரித்தோர் திருநாளுக்கு முன் தாயின் கல்லறையில் பீங்கான் படம் பதிக்க வேண்டும். அதற்கு அந்த முகம் வேண்டும்.

"பயப்படாம போங்கோ. காலைல தாறேன்."

மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மணி ஆறரை. மழை தூறியது.

இந்த ஸ்கேனரில் ஒரு வசதி உண்டு. பிலிமின் நிறங்களை ஊடுருவிப் போகும் ஒரு ஒளியைப் பாய்ச்சும். அந்த ஒளிக்குப் படம் தெரியாது. பிலிமின் மேல் படிந்த தூசியும் கீறலும் மட்டும்தான் தெரியும். தெரிந்ததை மென்பொருள் அழித்துவிடும். அதைப் போட்டுவிட்டு முதல் படத்துக்கு ஸ்கேன் கொடுத்தேன்.

கிர்ர்ர்... டக்.

அப்பா வந்தார். அத்தை வந்தார். ஐஸ்கிறீமுடன் சின்ன ஷிராணி வந்தாள். அம்மா வரவில்லை. அவர் நின்ற இடத்தில் புல் மட்டும் இருந்தது.

பிலிமை எடுத்துப் பார்த்தேன். அவர் நிற்கிறார். தூசி நீக்கத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். இப்போது வந்தார். நல்ல முகம். வாரி முடித்த தலை. இலேசான சிரிப்பு.

கறுப்பு வெள்ளை பிலிமில் அந்த ஒளி படத்தையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும், கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இது கலர் பிலிம்...

அந்த ஒளி பார்த்ததை மட்டும் தனியாகத் திறந்தேன். திரை முழுக்க வெள்ளை. அப்பா இல்லை, குழந்தை இல்லை, மரம் இல்லை. ஒரே ஒரு கறுப்பு உருவம் மட்டும். தலை. தோள். சேலை மடிப்பு.

அப்படியென்றால் அவள் படத்தில் இல்லை. படத்தின் மேல் இருக்கிறாள்.

தூசிதான், தூசிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தூசி என்றால் என்ன செய்வோம்? றப்பர் ஊதியை எடுத்து பிலிமின் மேல் இரண்டு தடவை ஊதினேன். வழக்கமாகச் செய்வதுதான். மறுபடி ஸ்கேன். மணி 6.52.

அவளுடைய தலைமுடி கலைந்திருந்தது.

முகத்தின் குறுக்கே விழுந்து கிடந்தது. குழந்தையின் முடி அசையவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

இன்னொரு ஸ்கேன். ஊதவில்லை. தொடவில்லை. அல்லாஹ் மேல் ஆணை, தொடவில்லை.

ஒரு கை உயர்ந்து முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது...

ஸ்கேனரின் கரண்ட் வயரைப் பிடுங்கினேன்.

கிர்ர்ர்...

நின்றுபோக வேண்டிய பெட்டி ஓடியது. திரையில் மேலிருந்து கீழாக, கோடு கோடாக...

நெற்றி.

புருவம்.

கண்.

கண்கள் கமராவைப் பார்க்கவில்லை. நான் இருந்த பக்கம் திரும்பியிருந்தன.

போன் அடித்தது. துள்ளி எழுந்துவிட்டேன். மனைவி கைரியா.

"இன்னம் வரல்லியா?"

"வாறேன்... இப்ப வாறேன்."

"பக்கத்துல யாரு?"

"ஒருத்தரும் இல்ல."

"இல்லியே... ஒரு பொம்புள சிரிக்கிற சத்தம் கேக்குதே."

ஷட்டரை எப்படி இழுத்தேன் என்று தெரியாது. வீடு வரை, காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனம், ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே போனேன்.

காலையில் கடைக்கு வந்தபோது எனக்கு முன்பே ஷிராணி டீச்சர் வாசலில் நின்றார். தூசி நீக்கம் இல்லாமல் முதலில் எடுத்த ஸ்கேன் கொம்பியூட்டரில் இருந்தது. வாரி முடித்த தலை, இலேசான சிரிப்பு. டீச்சர் திரையைத் தொட்டார். "அம்மா..." என்றார். அழுதார். அந்த மனுஷியிடம் என்னவென்று சொல்வது?

"டீச்சர், இது உங்கட உம்மாதானா எண்டு அத்தகிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்கோ."

"அத்தை இத்தாலியில இருந்து ரெண்டாம் திகதிதான் வர்றாங்க. அதுக்கு முன்னுக்கு கல்லுல பதிக்கணும் நானா."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் மூன்று. பின்னேரம் ஒரு வயதான மனுஷி கடைக்குள் வந்து கதிரையில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். பெற்றீசியா அத்தை. கல்லறையைப் பார்த்துவிட்டு சேமக்காலையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"அந்தப் படத்த எடுத்துக் குடுத்தது நீங்களா?"

"ஓம்."

"தம்பி, அன்னிக்குக் கமராவ வச்சிருந்தது மெர்சி. ஷிராணியோட அம்மா. நாலு படமும் அவதான் எடுத்தா. முன்னுக்கு நின்னது நாங்க மூணு பேருதான்."

"அப்ப அந்தப் பொம்புள யாரு?"

"படத்தக் கழுவிக் கொண்டுவந்தப்ப மெர்சியும் அதத்தான் கேட்டா. எல்லாத்தையும் அடுப்புல போட்டா. நெகட்டிவ்ல முகம் தெரியாதேன்னு ஷிராணியோட அப்பா, எங்கண்ணன், அத மட்டும் எரிக்காம விட்டுட்டாரு." அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரியில இருந்து மெர்சி தூங்கல. பக்கத்துல யாரோ படுத்திருக்காங்கன்னு சொல்லிட்டே இருந்தா. ஒரு கிழமைதான். ஏழாம் நாளே போயிட்டா."

"டீச்சருக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். கேக்க மாட்டேங்கிறா. அத பெருசாக்கி கட்டிலுக்கு மேல மாட்டி வச்சிருக்கா."

உடனே ஷிராணி டீச்சருக்குப் போன் எடுத்தேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தார்.

"டீச்சர், அந்தப் படத்த உடனே கழட்டுங்கோ. அது உங்கட உம்மா இல்ல!"

மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய மூச்சு. பிறகு டீச்சர் இரகசியமாகச் சொன்னார்.

"மெதுவா பேசுங்க நானா... அம்மா இப்பதான் தூங்குறாங்க."