கரிமேல் போட்ட ஃபைபர் கட்டு

மாதேஸ்வரனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்து போய்க் கதவுக் கீலைத் திருகிப் பார்ப்பான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஃபைபர் வேலை பார்த்தவன், இரண்டாயிரத்து ஒன்றில் மலைமேலுள்ள சொந்த ஊரான வாழவந்தி நாட்டுக்கே திரும்பி வந்தான். வந்ததும் அவன் கண்ணில் பட்டது, அடுப்படியில் தூணும் உத்தரமும் சேரும் பொருத்தில் விட்டிருந்த விரிசல். அதற்கு மேலேதான் பரண். அந்த வருஷத்துக் கேழ்வரகு அங்கேதான் ஏற வேண்டும்.

"பக்கத்துல ஒரு முட்டுக் குடுத்துருங்க மாப்ள" என்றார் மாமனார் அண்ணாமலை.

கேட்டால்தானே! "லாரியே தாங்குது மாமா, இது தாங்காதா?" என்று சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி நார்ப் பாயைப் பொருத்தைச் சுற்றி இறுக்கினான். இறுகுவதற்கான மருந்து கலந்த ரெசின் பசையைப் பிரஷ்ஷால் அப்பினான். விடிந்து பார்த்தால் கட்டு கல்லாக இறுகியிருந்தது. "இனி என்ன பாரம்னாலும் ஏத்து கலை!" என்று பெண்டாட்டி கலைமணியிடம் மார்தட்டிவிட்டு, மிளகு விற்கப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கினான்.

சந்தை டீக்கடையில் அடுப்போரத் தூணில் யாரோ ஒட்டிய நோட்டீசு ஒரு முனை பிய்ந்து படபடத்தது. இவன் கை சும்மா இருக்குமா? பிடித்து இழுத்தான். முழுசாகக் கையோடு வந்தது. பின்பக்கம் பூராவும் கரி.

அந்தக் கரியை விரலால் தேய்த்துப் பார்த்தான். பட்டறையில் அவன் ஒட்டியதெல்லாம் புதிதாக இழைத்த மரம். வீட்டு உத்தரமோ அப்பன் பாட்டன் காலத்திலிருந்து புகை குடித்தது. பூச்சி அண்டாது என்று மலையில் யாரும் அந்தக் கரியைத் தொட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம், இவனும் சுரண்டாமலே சுற்றிவிட்டான். ரெசின் கரியைத்தானே பிடித்திருக்கும், மரத்தை எங்கே பிடித்தது?

மிளகுப் பையோடு பஸ்ஸில் பாய்ந்தான். அந்தப் பாழாய்ப்போன பஸ் வளைவுக்கு வளைவு முனகியது. "கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்கண்ணா" என்று எழுந்து எழுந்து நின்றான். "இறங்கித் தள்ளுங்க, வெரசாப் போயிரலாம்" என்றார் கண்டக்டர். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்நேரம் பரணில் மூட்டை ஏறியிருக்குமோ, கலை அடுப்படியில் நிற்பாளோ என்று உயிர் துடித்தது.

அரக்கப் பரக்க ஓடிவந்தான். மூட்டைகள் வாசலிலேயே கிடந்தன. அப்பாடா என்று உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உத்தரத்தில், பொருத்துக்குப் பக்கத்தில், தூளி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கைக்குழந்தை தூங்கியது.

பிள்ளையை வாரிக் கலைமணியிடம் கொடுத்துவிட்டு உளியை வைத்து ஃபைபர் கட்டைக் கீறினான். வாழைப்பட்டை மாதிரி ஒரே உரியாக வந்தது. உள்பக்கம் அத்தனையும் கரி. விரிசலில் இப்போது விரலே நுழைந்தது.

கலைமணி அதையும் பார்த்தாள், கையிலிருந்த பிள்ளையையும் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்னு, மூட்டை ஏத்தறதுக்கு முந்தியே தூளியக் கட்டிட்டனுங்க" என்றாள்.

அவள் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.