இரவல் விரல்

ஆமத்தூர் இருளம்மாளின் விரல்களில் ரேகை இல்லை. பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்தும் வேலைக்கு வந்ததிலிருந்து அலுமினியப் பவுடர் அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. 2008 சீசனில் கம்பெனி கேட்டில் விரல் மிஷின் வைத்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. விரலை வைத்தால் சிவகாசி ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெயர் விழும், கதவு திறக்கும். அவள் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"ஜோசியக்காரன் பார்த்தா ஒனக்கு ஆயுசே இல்லைன்னுருவான் மதினி" என்று சிரித்தாள் பின்னால் நின்ற பொன்னுத்தங்கம். அவள் விரல் ரேகையும் மிஷினில் விழவில்லை.

"நல்லதுதான். பரிகாரச் செலவு மிச்சம்."

போர்மேன் மாரிசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். ரேகை விழாத பெண்களின் நம்பருக்குத் தன் விரல்களையே மிஷினில் பதிவு செய்துவிட்டார்.

"ஒனக்கு என் மோதிர விரலு இருளம்மா. நீ வராட்டிக்கூட வந்ததா விழுந்திரும். இன்னும் என்ன வேணும்?"

"வேணாம் அண்ணாச்சி. அழிச்சிருங்க."

"ஏன், என் விரலுக்கு என்ன கொறை?"

"ஷெட்டு வெடிச்சா உள்ள யாரு இருந்தாகன்னு மிஷினைத்தான பார்ப்பீக? அன்னைக்கு, 'அவ வரவே இல்ல, விரலு நாந்தான் வச்சேன்'னு நீங்களே சொல்லலாமே."

இருளம்மாளின் தங்கை முருகம்மாள் வேறொரு கம்பெனி விபத்தில் செத்தபோது, அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் சாதித்தார்கள். அடையாளம் காட்ட உடம்பும் மிஞ்சவில்லை. இருளம்மாள் ஏறாத படியில்லை. முருகம்மாள் அங்கே இருந்தாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வாங்க முடியவில்லை.

இருளம்மாள் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். "எம்பேரை எங்கண்ணு முன்னால எழுதுங்க. அப்பறம் போறேன்."

"தீவாளி ஆர்டர் கெடக்கு. ஏம்மா என் உசுர வாங்குத?"

"என் உசுரப் பத்தித்தான் நானும் பேசுதேன்."

பொன்னுத்தங்கம் சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னையும் அழிச்சிருங்க அண்ணாச்சி. ஒங்க சுண்டுவிரலுல நான் எதுக்குப் பொழைக்கணும்?" வரிசையிலிருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். லோடு ஏற்ற வந்த லாரி ரோட்டிலேயே நின்றது.

மாரிசாமி ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கினார். பிறகு தன் விரல்களை மிஷினிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருளம்மாள் எதிரே குந்தினார்.

"இருளம்மாள், ஆமத்தூர். போதுமா தாயி?"

"எந்த ஷெட்டுன்னு எழுதுங்க. எப்ப உள்ள போறேன்னும் எழுதுங்க. வெளிய வரும்போதும் எழுதணும்."

அவர் எழுதியதைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த பிறகுதான் அவள் எழுந்தாள்.