நாற்பது எழுத்தையும் படிங்க சார்

எனக்கு முன்கோபம் அதிகம். அதனால் கெட்ட காரியங்கள் நிறைய. உருப்பட்ட காரியம் ஒன்றே ஒன்று, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆறு வருஷமாகத் தினக்கூலியாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தேன். எந்தப் பெட்டியில் என்ன சரக்கு என்ற பட்டியலைத் தினமும் காலை பத்து மணிக்கு நுங்கம்பாக்கத்தில் இருக்கும் ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஃப்ளாப்பியில் போட்டு பைக்கில் கொடுத்தனுப்புவோம். வேண்டாதவன் கையில் அது சிக்கினால் எந்தப் பெட்டியை உடைப்பது என்று அவன் தேடவே வேண்டாம். அதனால் இனிமேல் பட்டியலைப் பூட்டி நெட்டில் அனுப்ப வேண்டும், அதையும் கம்ப்யூட்டர் தானாகவே செய்ய வேண்டும் என்று முடிவானது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமையிலேருந்து அஞ்சு நாள், யாரும் கை வைக்காம ஃபைல் போகணும். போச்சுன்னா உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன். போகலைன்னா இந்த வேலையை ஹெட் ஆபீசே எடுத்துக்கும். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்லம்மா." நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சு அப்படித்தான் வரும்.

மேனுவலைப் படித்துப் படித்து, பட்டியலைப் பூட்டும் மென்பொருளை நானே போட்டேன். இதில் பூட்டு வேறு, சாவி வேறு. ஹெட் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி தன் பூட்டை நமக்கு அனுப்புவார். அதைக்கொண்டு பூட்டிவிட்டால் திறக்கும் சாவி அவரிடம் மட்டும்தான். பூட்டு மெயிலில் வந்தது. பட்டியலை எடு, பூட்டு, அனுப்பு என்று வரிசையாகக் கட்டளைகள் போட்டு ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். சனிக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தால் பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பூட்டு அவருடையதுதான் என்று உறுதியில்லை, இருந்தாலும் போடவா என்று ஸ்கிரீனில் ஒரு கேள்வி. பதில் சொல்ல ஆள் உட்கார்ந்திருந்தால் அது தானாக ஓடுகிற வேலையே இல்லையே.

ஹெட் ஆபீஸ் அதிகாரிக்குப் போன் போட்டேன். "அதுக்கு ஒரு வரி இருக்கு மேடம். எல்லாத்தையும் நம்புன்னு சேர்த்துடுங்க, கேள்வியே வராது," என்றார்.

மேனுவல் வேறு மாதிரி சொன்னது. ஒவ்வொரு பூட்டுக்கும் கைரேகைபோல நாற்பது எழுத்து உண்டு. நாலு நாலாகப் பத்துக் கட்டம். அதைச் சொந்தக்காரர் வாயால் கேட்டு, ஒத்துப் பார்த்து, அதன் பிறகுதான் நம்ப வேண்டும். "படிங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். "நாப்பது எழுத்தையுமா? எனக்கு வேற வேலை இல்லையா? உங்க ஏரியாவுல எல்லாத்துக்கும் சண்டைதானா?"

அதுவரை போனில் ஒழுங்காக ஆபீஸ் தமிழ் பேசிக்கொண்டிருந்தேன். அது போயே போய்விட்டது.

"இன்னா சார், ஏரியா கீரியான்னுகினு! பொட்டில சரக்கு கீது சார், மண்ணு இல்ல. நீங்க படிக்காம நான் ஓகே குடுக்க மாட்டேன். எவ்ளோ நேரமானாலும் லைன்லயே கீறேன்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை போகலைன்னா நான் பொறுப்பில்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஆறு வருஷ வேலை அந்தப் போன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் யார்டில் பெட்டி நம்பர் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் கூப்பிடுவார், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். எழுதுகிறவர் பெட்டியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் தனக்குத் தோன்றியதைப் படித்துவிடும். பி, சி, டி, ஈ எல்லாம் லாரி சத்தத்தில் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பேர் வைத்திருந்தார்கள். கேட்டில் நம்பர் எழுதும் அண்ணன் அந்த நேரம் டீக்கு உள்ளே வந்தார். மானிட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டு நான் பேனாவை எடுத்தேன்.

அதிகாரி வேண்டாவெறுப்பாகப் படிக்க ஆரம்பித்தார். "பி" என்றால் நான் "பி, பேசின் பிரிட்ஜ்" என்பேன். "ஈ" என்றால் "ஈ, எண்ணூர்." நாலாவது கட்டத்தில் அவரே "சி, சென்ட்ரல்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முடிந்ததும் அண்ணன் காகிதத்தையும் ஸ்கிரீனையும் பார்த்தார். "இன்னாமா இது, மொத கட்டமே இடிக்குது!"

"நீங்க தப்பா எழுதியிருப்பீங்க" என்றார் அதிகாரி. மறுபடி முதலிலிருந்து படித்தார். மறுபடியும் அதே நாற்பது. ஸ்கிரீனில் இருந்தவை வேறு நாற்பது.

போனில் கீபோர்டு தட்டும் சத்தம். "மேடம்... போன மாசம் என் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணி எல்லாத்தையும் அழிச்சுட்டு, புதுசா பூட்டு சாவி போட்டேன். உங்களுக்கு அதுக்கு முந்தின பூட்டை அனுப்பிட்டேன். அதோட சாவி இப்ப என்கிட்டயே இல்ல."

அவர் சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் திங்கட்கிழமை ஃபைல் ஜோராகப் போயிருக்கும். அங்கே யாராலும் திறந்திருக்க முடியாது. பழி என் தலையில்தான் விழுந்திருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடக்கமாக இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், மேனேஜரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் அண்ணனுக்கு இன்னொரு டீ சொன்னார்.

புதுப் பூட்டு வந்தது. திரும்பவும் மூன்று பேருமாகப் படித்தோம், பத்துக் கட்டமும் ஒத்துப்போயின. இது அவருடையதுதான் என்று மென்பொருளில் நான் உறுதி கொடுத்ததும் அந்தக் கேள்வி வருவது நின்றது.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நாலுக்கு அதிகாரி கூப்பிட்டார். "வந்துடுச்சு மேடம். திறந்துடுச்சு." ஐந்து நாளும் அப்படியே நடந்தது. மேனேஜர் சொன்னபடி எழுதினார், அடுத்த மாதம் ஆர்டர் வந்தது.

தினக்கூலிக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. அதனால் ஆறு வருஷமாகக் காய்ச்சலோடும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆர்டர் வந்த பிறகு ஒரு புதன்கிழமை, எந்தக் காரணமும் இல்லாமல் லீவு போட்டேன். பத்து மணிக்குக் கல்மண்டபத்தில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து ஐந்து. என் நாற்காலி காலி, ஃபைல் போயிருக்கும். அன்றைக்கும் எனக்குச் சம்பளம் உண்டு.