சம்பந்தியம்மாவும் பேரீச்சந்தோட்டமும்

மகளைக் கட்டப்போகும் பையனின் தாய் தகப்பனோடு நாங்கள் ஒரு கிழமை பாலைவனத்துக்குப் போய் வந்ததற்குக் காரணம், என் கணவர் மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல்.

அவர்கள் சுவிஸ்காரர்கள். எங்களைப் போலவே துன் நகரத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஏரியைப் பார்த்த வீட்டில். முதல் தடவை எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பையனின் தகப்பன் ஓய்வுபெற்ற பொறியியலாளர். பழைய கட்டடம் என்றால் அவருக்கு உயிர். மேசையில் சீஸ் உருகிக்கொண்டிருக்க, குளிர்காலத்தில் அரபு எமிரேட்ஸில் இருக்கிற அல் ஐன் என்ற பாலைவனச் சோலை நகரத்துக்குப் போகப் போவதாகச் சொன்னார். மண்கோட்டை, பேரீச்சந்தோட்டம், ஆயிரக்கணக்கான வருடப் பழைய கல்லறை என்று கைபேசியில் படம் படமாகக் காட்டினார். கடைசியில், “நீங்களும் எங்களோடு வரலாமே” என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே “யா, கேர்ன்” என்றுவிட்டார். சந்தோசமாய் வாறம் என்று அர்த்தம். யாராவது “சாப்பிட்டிட்டுப் போங்கோவன்” என்று கேட்டால், போகிற அவசரத்திலும் “ஓம், ஓம்” என்று தலையாட்டுவோமே, அந்த மாதிரி ஓம்தான் அது.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அப்பா, அவை சும்மா கேக்கேல்லை. இவையளுக்கு ஓமெண்டா ஓம்தான். நாளைக்கே டிக்கெட் பாப்பினம்.”

அப்படியே நடந்தது. மறுநாள் மத்தியானம் விமான நேரங்கள் வந்து சேர்ந்தன.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் பாலைவனத்தைப் பற்றியதல்ல, சம்பந்தியம்மாவைப் பற்றியது. அவர் முன்னாள் ஆசிரியர். என்னோடு பேசும்போது, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்தெடுத்து, சுத்தமான பள்ளிக்கூட ஜெர்மனில் பேசுவார். நானோ ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கத் தொடங்கி, பிறகு காலைச் சாப்பாட்டுப் பகுதிக்கு வந்தவள். எந்த வகுப்புக்கும் ஒழுங்காகப் போனதில்லை. அவர் அப்படிப் பேசத் தொடங்கினால் எனக்கு ஓம், இல்லை, நன்றி என்கிற “யா”, “நைன்”, “டாங்க” மூன்றும்தான் வாயில் வரும். அந்த ஒரு விருந்து முடிந்து வீட்டுக்கு வந்தபோதே என் கழுத்து விறைத்துப் போயிருந்தது. ஒரு கிழமை என்றால் என்ன ஆவேன்?

“அம்மா, பயப்பிடாதேங்கோ. அவ நல்லவ” என்றாள் மகள். ஆனால் அவள் முகத்தில் என்னைவிடப் பயம் இருந்தது. மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் வேலை. அவர்களால் வர முடியாது. நாங்கள் நாலு பேரும் எங்கள் பாட்டில் விடப்பட்டோம்.

அல் ஐனில் முதலில் கோட்டைக்குப் போனோம். மணல் நிறத்தில் தடித்த மண்சுவர்கள். ஓரமாக ஒரு வட்டக் கோபுரம், கலியாணக் கேக் போலத் தட்டுத் தட்டாக மேலே போகப் போகச் சிறுத்து நின்றது. சம்பந்தி சுவரின் தடிப்பைக் கையால் அளந்தார். என் கணவரும் அளந்தார். வைக்கோல் கலந்தார்களா, மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று இருவரும் கையாலும் பாதி ஜெர்மனாலும் கதைத்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். ஆம்பிளைகளுக்கு ஒரு சுவர் கிடைத்தால் போதும்போல.

நாங்கள் இருவரும் பின்னால்.

“மிகவும் அழகாக இருக்கிறது” என்றார் அவர், பள்ளிக்கூட ஜெர்மனில்.

“யா” என்றேன்.

கோட்டைக்குப் பிறகு ஒரு பழைய அரண்மனை, அதற்குப் பிறகு பழம்பொருட்கள் வைத்த ஒரு நூதனசாலை. அங்கும் அவர் “மிகவும் சுவாரசியமாக இருக்கிறது” என்றார். நான் “யா” என்றேன். இரவு ஹோட்டல் கட்டிலில் விழுந்து, “என்னாலை ஏலாதப்பா” என்று கணவரிடம் சொன்னேன். அவர் அதற்குள் குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.

அடுத்த நாள் காலை பேரீச்சந்தோட்டத்துக்குப் போனோம். நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. வாகனச் சத்தத்தை விட்டு வாசலுக்குள் நுழைந்த உடனே நிழல். இரண்டு பக்கமும் தாழ்ந்த சுவர்கள், அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை பேரீச்சை மரங்கள். சுவரோரம் சின்னச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியது. மலைப்பக்கத்திலிருந்து நிலத்துக்கடியால் வருகிற தண்ணீரை ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை வைத்துத் திறந்துவிடுவார்களாம். அந்த மதகைப் பார்க்க வேண்டுமென்று சம்பந்தி விரைந்தார். என் கணவர் அவருக்குப் பின்னால். “நாங்கள் மெதுவாக வருகிறோம்” என்றார் சம்பந்தியம்மா.

மெதுவாகத்தான் போனோம். ஒரு முடக்கில் திரும்பினோம், இன்னொன்றில் திரும்பினோம். ஆம்பிளைகளைக் காணவில்லை. எல்லாப் பாதையும் ஒரே மாதிரி, எல்லாச் சுவரும் ஒரே உயரம். அவருடைய கைபேசி அவர் கணவரின் பைக்குள் இருந்தது. என்னுடையதில் இணைப்பு இல்லை. அவர் நடையை விரைவாக்கினார், நான் பின்னால் ஓடினேன். கொஞ்ச நேரத்தில், முன்பே கடந்து போன ஓர் இடிந்த சுவருக்கு முன்னால் திரும்பவும் வந்து நின்றோம்.

அவர் இடுப்பில் கை வைத்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு, பள்ளிக்கூட ஜெர்மனை விட்டு, துன் ஆட்கள் வீட்டில் பேசுகிற பேர்ண் பக்கத்து ஊர்ப் பேச்சில் வெடித்தார்:

“இந்த மனுசன்! ஒரு பழங்கல்லைக் கண்டால் பெண்சாதியை மறந்துபோவான்!”

எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. ஹோட்டல் குசினியில் சமையல்காரர் என்னைத் திட்டியதும் சிரிக்க வைத்ததும் இதே பேச்சில்தான். நான் யோசிக்கவேயில்லை, அதே பேச்சில் வாய் தானாகச் சொன்னது:

“என்ரை மனுசனும் அப்பிடித்தான்!”

அவர் என்னையே பார்த்தார்.

“நீங்கள் எங்கடை பேச்சுக் கதைப்பீங்களோ?”

“எனக்குத் தெரிஞ்சதே இதுதான். நீங்கள் கதைக்கிற ஜெர்மன்தான் எனக்கு வராது.”

“கடவுளே! எனக்கும் அது வராது” என்றார். “நான் பாலர் பள்ளி ஆசிரியை. முப்பது வருசமாய்க் குஞ்சுகளோடை ஊர்ப் பேச்சுத்தான். உங்களுக்கு விளங்கவேணுமெண்டுதான் நாக்கை வளைச்சு வளைச்சுக் கதைச்சனான். நீங்கள் வந்து போனாப் பிறகு எனக்குத் தாடை நோகும்!”

“எனக்குக் கழுத்து!” என்றேன்.

அவ்வளவுதான். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தோம். புறாக்கள் கத்தின. அவர் தண்ணீரில் கையை நனைத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டார். “உங்களுக்கு ஒண்டு சொல்லட்டோ? எனக்குக் கோட்டையே பிடிக்காது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒவ்வொரு லீவும் கோட்டை, தேவாலயம், கோட்டை.” நேற்றைய நூதனசாலையில் நான் பாதிக்குமேல் எதையும் பார்க்கவில்லை, உட்காரக் கதிரை எங்கே என்றுதான் பார்த்தேன் என்று நானும் சொன்னேன். அந்தக் கதிரையைத் தானும் பார்த்து வைத்ததாக அவர் சொன்னார்.

பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: “நாங்கள் ‘டூ’ சொல்லுவமோ?”

சுவிஸில் இது சின்ன விசயமில்லை. வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றுதான் அழைப்பார்கள். நெருங்கிய பிறகு மூத்தவர் கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னால், அதிலிருந்து ‘டூ’, அதாவது ‘நீ’. எங்கள் ஆட்களிடம் சம்பந்தியை ‘நீ’ என்றால் கலியாணமே குழம்பும். அவர் கையை நீட்டினார், பெயரைச் சொன்னார். நானும் சொன்னேன். என் பெயர் அவர் வாய்க்குள் அடங்கவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்தேன். அது உடனே பிடிபட்டது.

வாய்க்காலில் சருகு அள்ளிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர் கையைக் காட்ட, அந்தப் பக்கமாய் நடந்து வாசலுக்கு வந்தோம். அங்கே ஒரு தேநீர்க் கடை. என் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர் தமிழில் கேட்டார்: “சிலோனாக்கா? உக்காருங்க, ஏலக்கா டீ போடுறேன்.” ராமநாதபுரத்துக்காரராம். சம்பந்தியம்மா இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். ஆம்பிளைகளைத் தேடிப் போகிற எண்ணம் எங்கள் இருவருக்குமே வரவில்லை.

அவர்கள்தான் வந்தார்கள். சம்பந்தியின் தொப்பி கையில், முகம் வெளிறி இருந்தது. என் கணவரின் சட்டை வியர்வையில் தொப்பமாக நனைந்திருந்தது.

“எங்கையப்பா போனனீர்? தோட்டம் முழுக்கத் தேடியாச்சு! காவலாளியைக் கூட்டிக்கொண்டு ரெண்டு தரம் சுத்தினனாங்கள்!”

அகதியாய் வந்த காலத்திலிருந்து, சீருடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போகிற மனிதர் என் கணவர். தானே போய்க் காவலாளியின் கையைப் பிடித்திருக்கிறார். எனக்கு என்னவோ செய்தது.

“இருங்கோப்பா, ஒண்டுமில்லை. இந்தாங்கோ, குடியுங்கோ” என்று என் தேநீரைக் கொடுத்தேன். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மற்றப் பக்கம் சம்பந்தி தன் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மாவோ அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மிச்ச நாட்களில் ஒட்டகச் சந்தைக்கு ஆம்பிளைகள் மட்டும் போனார்கள். சம்பந்தி முன்பு படத்தில் காட்டிய வட்டக் கல்லறைக்கு மட்டும் நாங்களும் போனோம். வாசல் கல்லில் இரண்டு மனித உருவங்கள் கைகோத்து நிற்க, இரு பக்கமும் நீண்ட கொம்பு மான்கள். சம்பந்தி அதன் வயதைப் பற்றி விளக்கிக்கொண்டே போனார். “இது நல்லாயிருக்கு, நீ என்ன சொல்லுறாய்?” என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துன் ஸ்டேசனில் மகள் குளிரில் காத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இரண்டு பெண்களும் ஊர்ப் பேச்சில் ஏதோ வாதாடிக்கொண்டு, ‘டூ’ சொல்லிக்கொண்டு இறங்கினோம். அவள் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ஏன் பிள்ளை அழுகிறாய்?”

“ஒண்டுமில்லையம்மா. ஒரு கிழமையாய் நான் நித்திரை கொள்ளேல்லை.”

“வீட்டை போய் நித்திரை கொள்” என்றேன்.